எழுதியவர் யார் என்றும் கேட்போமே!



ஒரு பாடலைக் கேட்டவுடன் பாடியவர் யார் என்று சொல்லிவிடுகிறோம். இசையமைத்தவரையும் பலர் அறிவோம். நடித்தவர் யார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். எழுதியவர் யார் என்று கேட்டால் மட்டும் விழிக்கிறோம். தமிழாசிரியனாகிய நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் விழித்தேன். அந்நிலையிலிருந்து என்னை மீட்டவர் ஒரு நண்பர்.

1994ஆம் ஆண்டு. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் பணியேற்ற புதிது. உடன் பணியாற்றிய அவரும் நானும் ஒரே வீட்டில் தங்கியிருந்தோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கோ திரைப்பாடல் என்றாலே ஏளனம். சங்க இலக்கியமும் கம்பனும் பாரதியுமே இலக்கியம், மற்றவை வெறும் பொழுதுபோக்கு என்று வாதிடுவேன். அவர் மறுத்துப் பேசியதே இல்லை. ஒருநாள் மாலை ஒலிநாடா ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"இதுல மூணு பாட்டு இருக்கு தம்பி. கேட்டுட்டு, எத்தனை பேர் எழுதினதுன்னு சொல்லுங்க."

முதற்பாடல், உறங்கிக் கிடப்போரைத் தட்டி எழுப்புவது. 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தில் இடம்பெற்றது. இரண்டாவது, 1959இல் வந்த 'கல்யாண பரிசு' படத்தின் காதல் பாடல். மூன்றாவது, 1961இல் வந்த 'அரசிளங்குமரி' படத்தில் ஒரு சிறுவனுக்குச் சொல்லப்படும் அறிவுரை. ஒன்று முழக்கம், ஒன்று உருக்கம், ஒன்று தோளில் கைபோட்டுப் பேசும் பேச்சு. மூவர் எழுதியவை என்று துணிந்து கூறினேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஒரே ஆளுதான் தம்பி. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இருபத்தொன்பது வயசுல போயிட்டாரு."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அப்போது என் வயது இருபத்து நான்கு.

அதன்பின் அக்கவிஞரைத் தேடிப் படித்தேன். 1930இல் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றுபோனது. வயலில் உழைத்தார், மாடு மேய்த்தார், மாம்பழம் விற்றார், உப்பளத்தில் வேலை செய்தார். பாவேந்தர் பாரதிதாசனிடம் பயின்றார். உழவர் இயக்கத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் ஈடுபட்டார். 1959ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். 'அரசிளங்குமரி' வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தாயார் பால்மரம் சீவிய தொழிலாளி. பணியேற்ற புதிதில் அதனைச் சக ஆசிரியர்களிடம் சொல்லக் கூசினேன். என் நண்பர் இதனை அறிந்திருந்தார் என்றே இன்றும் நம்புகிறேன். அறிவுரை கூறாமல், உழைப்பாளியின் வியர்வையைத் தலைநிமிர்ந்து பாடிய ஒருவரை எனக்கு அறிமுகப்படுத்தினார்.

பள்ளி விடுமுறையில் அந்த ஒலிநாடாவை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். பாடல் ஒலித்ததும் அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு உடன் பாடினார். ஓரடிகூடப் பிசகவில்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில் கேட்டுப் பழகிய பாடல்களாம். எழுதியவர் பெயரை மட்டும் அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான் அவருடைய வரலாற்றைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "வேல செஞ்சு பாத்த கையி எழுதுனது. அதான் அப்படி இருக்கு" என்றார். பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த எந்தத் திறனாய்வும் அதனை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

பிறகு நான் செய்த பிழை ஒன்றுண்டு. பெற்ற இன்பத்தை மாணவர்க்கும் வழங்க எண்ணி, இருபது பாடல்களைப் படியெடுத்துக் கொடுத்து, மனனம் செய்து பொருளெழுதி வருமாறு பணித்தேன். ஒரே வாரத்தில் கவிஞர் பெயரைக் கேட்டாலே பிள்ளைகளின் முகம் சுருங்கியது. நண்பர் எனக்குக் கொடுத்தவை மூன்றே பாடல்கள். கேட்டதும் ஒரே கேள்வி. நான் அதனை மறந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கட்டுரை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் புதுப்பாடல் ஒன்றை எழுதி வைத்திருந்தான். கண்டிக்க வாய் திறந்தவன், என்னைத் திருத்திக்கொண்டு, "இதை எழுதியது யாரப்பா?" என்று மட்டும் கேட்டேன். தெரியவில்லை என்றான். மறுவாரம் பெயரோடு வந்து நின்றான். "ஐயா, இவரே வேற மூணு பாட்டும் எழுதியிருக்காரு. நீங்க கேக்கணும்" என்றான். கேட்டேன். நன்றாகவே இருந்தன. மாணவன் எனக்குப் பரிந்துரைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டான்!

இன்று கைப்பேசி நமக்கு ஓயாமல் பாடல்களைப் பரிந்துரைக்கிறது. நேற்று கேட்டதைப் போன்ற ஒன்றை இன்று நீட்டுகிறது. நம் பிள்ளை எதனை எண்ணி நாணுகிறான், எதற்கு ஏங்குகிறான் என்பதை அருகிலிருக்கும் நாம்தாம் அறிவோம். அதை அறிந்து ஒரு பாடலைத் தேர்ந்து கொடுப்பது நட்பின் செயல். ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு அத்தகைய நண்பராக வேண்டும் என்பதே என் கருத்து.

பெற்றோர்களே, மகிழுந்தில் செல்லும்போது ஒலிக்கும் பாடலை எழுதியவர் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். ஆசிரியர்களே, வாரம் ஒரு பாடல் போதும். தேர்வு வேண்டா, பயிற்றி வேண்டா. பிள்ளைகள் விரும்பும் பாடலையும் காதுகொடுத்துக் கேளுங்கள். எழுதியவனை அறிந்த பிள்ளை, தானும் எழுதலாம் என்று ஒருநாள் நினைக்கும்.

எனக்கு அந்த ஒலிநாடாவைத் தந்த நண்பர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். சந்திக்கும்போதெல்லாம் அவர் கேட்கும் முதற்கேள்வி இன்றும் அதுதான்: "புதுசா என்ன கேட்டீங்க தம்பி?"