மாமா அனுப்பிய காலை வணக்கம்

மாமா இறந்த மறுநாள் காலை 7 மணி. சிராங்கூன் சாலைப் பூக்கடையின் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவர் பெயரில் செய்தி போனது: "வணக்கம்! புது மல்லிகை வந்திருக்கு, வாங்க!" துக்க வீட்டில் அத்தையின் கைப்பேசியும் ஒலித்தது.

2015 மார்ச் 23 அதிகாலை திரு லீ குவான் இயூ மறைந்தபோது நாடே 7 நாள் துக்கம் காத்தது. வானொலியில் பாட்டை மாற்ற ஆள் இருந்தார்கள். மாமாவின் சர்வருக்கு யார் சொல்வது?

மாமா மகன்தான் சொன்னான், மடிக்கணினியைத் திறந்து. கடைக் கணக்கு முழுவதும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில். தினமும் செய்திகளை அனுப்பும் வரிசையில் போடுவது அதிலுள்ள 'ஈவன்ட் ஷெட்யூலர்', அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓடவிடும் பகுதி. வாடகை சர்வர் என்பதால் அதன் அமைப்பை ஏபிஐ வழியாக மாற்றினான். ஒரே கட்டளை, ஆன் என்றிருந்தது ஆஃப் ஆனது. சர்வரை மறுபடி தொடங்கவில்லை, எதையும் அழிக்கவுமில்லை.

ஆனால், இரவில் கணக்குச் சேர்க்கும் வேலையும் கூடவே நின்றுபோனது. மல்லிகைச் செய்தியை மட்டும் தனியே நிறுத்தவும் வழியுண்டு. அன்றைக்கு அதைத் தேட யாருக்கு மனசு வரும்?

16ஆம் நாள் காரியம் முடிந்ததும் அந்தச் செய்தியை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, மற்றதையெல்லாம் ஓடவிட்டான்.

"அப்பா பேரை எடுத்துட்டு அனுப்பவாம்மா?"

அத்தை இன்னும் பதில் சொல்லவில்லை.