பெற்றோரின் பள்ளியில் வாக்கு யாருக்கு?

கூட்டுறவைப் பற்றிப் பேசுவோர் டென்மார்க் நாட்டை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. 1882இல் யெடிங் என்னும் சிற்றூரில் குடியானவர்கள் கூடி அமைத்த பால் சங்கமும், பின்னர் அந்நாடெங்கும் பரவிய பால் சங்கங்களில், பசுக்கள் எத்தனை என்று பாராமல் ஆளுக்கு ஒரு வாக்கு என்று வகுத்துக்கொண்ட முறையும் நம் சங்க மேடைகளில் பலமுறை சொல்லப்பட்டவையே. ஆனால் அந்த மக்கள் பால் சங்கத்திற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே பள்ளிக்கூடத்தையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1849ஆம் ஆண்டு அந்நாட்டு அரசியல் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்தது. பிள்ளைக்குக் கல்வி கட்டாயம். ஆனால் அரசுப் பள்ளிக்கே அனுப்பவேண்டும் என்பது கட்டாயமன்று. அரசுப் பள்ளியின் தரத்திற்குக் குறையாத கல்வியைப் பெற்றோர் தாமே அளிக்கலாம். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனான கிறிஸ்டன் கோல்ட் என்னும் ஆசிரியர் 1852இல் ஃபியூன் தீவிலுள்ள டால்பி என்னும் ஊரில் இத்தகைய சுதந்திரப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1855இல் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. 2007இல் அந்நாட்டின் 271 உள்ளாட்சிகளை இணைத்து 98 ஆக்கியபின் சிற்றூர்களில் பல பள்ளிகள் மூடப்பட்டன; அப்போது பல ஊர்களில் பெற்றோரே கூடித் தம் பள்ளியை மீண்டும் திறந்தனர்.

இத்தகைய பள்ளிகளைப் பெற்றோரின் சொத்து என்று நாம் சொல்லிவிடுகிறோம். சட்டப்படி பார்த்தால் பள்ளி தனக்குத் தானே சொந்தம். பங்கை விற்றுப் பணமாக்குவதற்கோ இலாபம் பிரித்துக்கொள்வதற்கோ அங்கே யாருக்கும் வழியில்லை. பெற்றோரிடம் இருப்பது ஆளும் உரிமை மட்டுமே. அவர்கள் ஆண்டுப் பேரவையில் கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல பள்ளிகளில் உறுப்பினரின் காலம் இரண்டு ஆண்டு. ஆண்டுதோறும் பாதிப்பேர் விலகப் புதியவர் வருகின்றனர். இதனால் ஒரே நாளில் குழு முழுவதும் மாறிக் கணக்கறிந்தவர் ஒருவரும் இல்லாமற் போகும் நிலை நேர்வதில்லை.

செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு அரசு மானியமாக வருகிறது. மீதியைப் பெற்றோர் கட்டணமாகச் செலுத்துகின்றனர். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5ஆம் நாள் எத்தனை பிள்ளைகள் பதிவேட்டில் உள்ளனர் என்பதைக் கொண்டே மானியம் கணக்கிடப்படுகிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து 32 பிள்ளைகளேனும் இருக்கவேண்டும் என்பதும் விதி. சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் இரண்டு குடும்பங்கள் வேற்றூர் பெயர்ந்தாலும் நிர்வாகக் குழுவுக்கு உறக்கம் போய்விடும். நூல் விலை ஏறும்போது நம் சங்கத் தலைவர்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இனி, நான் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். நெசவாளர் சங்கத்தில் சேரும் நெசவாளிக்குத் தறி இருக்கும் வரையில் சங்கம் வேண்டும். பெற்றோர்க்குப் பள்ளியில் உள்ள அக்கறையோ பிள்ளை படிக்கும் பத்தாண்டுகளுக்கே; பலருக்கு அதனினும் குறைவு. கூரையை மாற்றுவதா, கட்டணத்தைக் குறைப்பதா என்ற கேள்வி பேரவைக்கு வந்தால், அடுத்த ஆண்டு பிள்ளையை வெளியே அனுப்பப்போகும் தந்தை எதற்குக் கை தூக்குவார்? அவரைத் தன்னலக்காரர் என்று நான் ஏசவில்லை. அவர் நின்ற இடத்தில் நின்றால் நாமும் அப்படியே செய்வோம். ஆயினும் கூரை ஒழுகுவது அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் தலையில் அன்றோ!

இதற்கு டேனியர் கண்ட வழி எனக்கு மிகவும் உகந்ததாகப் படுகிறது. பெற்றோர் வட்டத்தோடு பள்ளி வட்டம் என்ற ஒன்றையும் பல பள்ளிகள் வைத்திருக்கின்றன. பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்ட பழைய பெற்றோரும், பள்ளியின்மேல் பற்றுக்கொண்ட ஊராரும் அதில் சேரலாம். நிர்வாகக் குழுவில் சில இடங்களுக்கு அவ்வட்டமும் உறுப்பினரைத் தேர்கிறது. கட்டணம் செலுத்தாதவருக்கு ஏன் இடம் என்று கேட்போர் உண்டு, கேள்வி நியாயமானதே. பெரும்பான்மை இடங்கள் இன்றைய பெற்றோரிடமே இருக்கவேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. இல்லாவிட்டால் பழையவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். (அந்த நோய் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று.) எனினும், பள்ளியிலிருந்து தனக்கென ஒன்றும் எதிர்பாராத இரண்டு மூன்று பேர் குழுவில் இருந்தால், அடுத்த ஆண்டைத் தாண்டிப் பேசும் குரல் அங்கே ஒலிக்கும்.

குழுவின் எல்லையும் தெளிவாக இருக்கவேண்டும். டென்மார்க்கில் தலைமையாசிரியரை அமர்த்துவதும் விலக்குவதும் குழுவின் கடமை. வரவு செலவுக்கும் குழுவே பொறுப்பு. ஆனால் அன்றாடக் கற்பித்தலை நடத்துபவர் தலைமையாசிரியர். நிர்வாகக் குழுவினர் என்ற தகுதியில் வகுப்பறை வாசலில் போய் நின்று, தம் மகனுக்கு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லை. குழுவுக்கு உரிய அதிகாரம் கூடி முடிவெடுக்கும்போது உண்டு. கூட்டம் கலைந்தபின் அவர்களும் மற்றவர்களைப் போன்ற பெற்றோரே. தம் பிள்ளையைப் பற்றிய பேச்சு கூட்டத்தில் எழுந்தால் எழுந்து வெளியே செல்லும் பண்பு இல்லாதவரைத் தேர்ந்தெடுத்தால், நல்ல ஆசிரியர் ஒருவரும் அந்தப் பள்ளியில் நிலைக்கமாட்டார்.

கல்வியின் தரத்தைப் பார்வையிட வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தும் முறையும் அங்கே பல பள்ளிகளில் உண்டு. அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெற்றோர். நிர்வாகக் குழு அன்று. அவர் உரிய சான்று பெற்றவராகவும் பள்ளியில் ஊழியம் பார்க்காதவராகவும் இருக்கவேண்டும். வகுப்புகளில் அமர்ந்து பார்த்து, அரசுப் பள்ளிகளில் எதிர்பார்க்கப்படும் தரத்திற்கு இது ஈடாகிறதா என்று பெற்றோரிடமே அறிக்கை தருகிறார். கணக்குத் தணிக்கையாளரை நிர்வாகிகளே பொறுக்கி அமர்த்தும் சங்கங்களில் நேர்வதைக் கண்டவர்கள் இவ்வேற்பாட்டின் அருமையை உணர்வார்கள். பெற்றோர் கூடிப் பள்ளி நடத்த நினைக்கும் ஊர் எதுவாயினும், கட்டட நிதி திரட்டுவதற்கு முன்னரே இந்த விதியையும் பள்ளி வட்டத்தின் விதியையும் தம் சட்டதிட்டத்தில் எழுதிக்கொள்ளட்டும். குழு அமர்ந்தபின் எழுதலாம் என்று விட்டுவைத்தால், அப்போது எழுதவேண்டியவர்கள் அக்குழுவினராகவே இருப்பார்கள்.