பூகோளப் புத்தகத்துக்குள் ஒரு தேவாங்கு

போன மாதம் ஒரு நாள் ராத்திரி. ஒன்பதாவது படிக்கும் என் பெண், சமூக அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். பூகோளப் பாடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? எட்டிப் பார்த்தேன். உள்ளே காமிக்ஸ்!

"பரீட்சைக்கு இதுவா வரப்போகுது?" என்று பிடுங்கிவிட்டேன். சின்ன வயசில் சிவகாசி முத்து காமிக்ஸை இப்படியே ஒளித்துப் படித்து அப்பாவிடம் குட்டு வாங்கியவள்தான் நானும். அந்த நேரத்தில் அதெல்லாம் மறந்து போச்சு!

"அம்மா, அது டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம். நானே வரைஞ்சது" என்றாள் அழாக்குறையாக.

பிரித்துப் பார்த்தேன். முதல் கட்டத்தில் ஓர் அம்மா, சாப்பிட மறுக்கும் பெண்ணைப் பார்த்து, "தேவாங்கு மாதிரி இருக்கே!" என்று கத்துகிறாள். அடுத்த கட்டத்தில், மரக்கிளையில் இருக்கும் தேவாங்கு, "உங்க சண்டையிலே என்னை ஏன் இழுக்கறீங்க?" என்கிறது.

எனக்குச் சுருக்கென்றது. தினமும் நான் சொல்கிற வார்த்தையாயிற்றே!

மேலே படித்தேன். பகலில் தூங்கி, ராத்திரியில் பூச்சி பிடித்துத் தின்னும் சாதுப் பிராணியாம். அபசகுனம் என்றும், மருந்து, மாந்திரீகம் என்றும் அதைக் கொல்கிறார்கள். மரங்களை வெட்டிவிட்டால் கிளைக்குக் கிளை போக வழியில்லாமல் தரையில் இறங்கி, வண்டியில் அடிபடுகிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம்.

கடைசிக் கட்டத்தில் வரைபடம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி: 2022-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். தேவாங்கு, எறும்புத்தின்னி, ராஜாளி எல்லாம் அங்கே உண்டு. வடக்கே திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்: இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம். அதுவும் 2022-ல் வந்ததுதான்; பரப்பு 11,806 ஹெக்டேர். மதுரையிலேயே இத்தனை வருஷம் குடித்தனம் செய்கிறேன், எனக்கு இதெல்லாம் தெரியாது!

"புலியும் காண்டாமிருகமும் வேண்டாம், நம்ம பக்கத்துப் பிராணியைத் தேடுங்க" என்றாராம் டீச்சர். பாராவாக இருந்தால் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடலாம். வரைய வேண்டுமென்றால் அது எங்கே தூங்கும், எதைத் தின்னும் என்று தெரிந்துகொண்டுதானே ஆகணும்?

நீங்களும் விடுமுறையில் செய்து பாருங்களேன். ஒரு முழுத் தாளை ஆறு கட்டமாக மடியுங்கள். எங்கே வசிக்கிறது, என்ன தின்கிறது, யாரால் ஆபத்து, நாம் என்ன செய்யலாம் என்று கட்டத்துக்கு ஒரு விஷயம். கடைசியில் வரைபடம். பிராணி வேடிக்கையாகப் பேசலாம். ஆனால் விஷயம் சரியா என்று புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது எனக்குத்தான் கஷ்டம். சாப்பிடாத பெண்ணைத் திட்ட வேறு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்!