மோதிரத்தைத் திருப்பிக் கேளுங்கோ, காரணத்தைக் கேக்காதேங்கோ

போன வருஷம் விடுமுறையில அனலைதீவுக்குப் போயிருந்த நேரம் எங்கட ஒழுங்கையில ஒரு கலியாணம் குழம்பிச்சுது. நிச்சயதார்த்தம் மட்டும் நடந்த கலியாணம். அந்த அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை, சில விபரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கட தீவில் ஒழுங்கையின் பெயரைச் சொன்னாலே ஆள் ஆரெண்டு தெரிந்துவிடும்.

மாப்பிளை ரொறன்ரோவில். இரண்டு கிழமை லீவில் வந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் மோதிரம் மாற்றிவிட்டுப் போனவர். அவர் போட்டது கல்லு வைத்த மோதிரம், ஒரு பவுண். பொம்பிளை வீட்டார் அவருக்குப் போட்டது இரண்டு பவுண் சங்கிலி. எட்டு மாதம் தொலைபேசியில் கதைத்துப் பார்த்த பிறகு அக்கா "எனக்குச் சரிவராது" எண்டு சொல்லிவிட்டா. அடுத்த கிழமை மாப்பிளையின் பெரியம்மா, இன்னும் இரண்டு பேரோட, ஊர்காவற்றுறையில் படகேறி வந்தவ. பின்னேரப் படகுக்கு முதல் அலுவல் முடியவேணும்.

வந்தவை முதலில் மோதிரத்தைக் கேட்கேல்லை. "பிள்ளை, ஏன் குழப்பினனீர்?" எண்டுதான் கேட்டவை.

அக்கா ஒரு காரணம் சொன்னா. அது காரணமில்லை எண்டினம். இன்னொண்டு சொன்னா. அதை எந்தப் பொம்பிளைதான் சகிக்கேல்லை எண்டினம். விறாந்தையில் பத்துப் பேர், வேலிக்கு அங்காலயும் ஆக்கள். இதுக்கிடையில் அக்காவின் பழைய கம்பஸ் நண்பர் ஒருவரின் பெயர் எப்படியோ கதைக்குள் வந்துவிட்டுது. அதுக்குப் பிறகுதான் அவவின் அப்பா எழும்பிப் போய் மோதிரப் பெட்டியைக் கொண்டு வந்து தட்டத்தில் வைத்தார். சங்கிலியைப் பற்றி அம்மா மெல்லக் கேட்டபோது, "அது கனடாவில எல்லே நிக்குது, பிறகு பாப்பம்" எண்டு பதில் வந்தது. படகுக்கு நேரமாச்சுது எண்டு எழும்பிப் போட்டினம்.

பிறகொருநாள் அக்கா என்னட்டைச் சொன்னா: "மோதிரம் போனது ஒண்டுமில்லை. நான் முதல் நாளே குடுத்திருப்பன். பத்துப் பேருக்கு முன்னால வைச்சு ஏன், ஏன் எண்டு கேட்டதுதான்."

கம்பஸுக்குத் திரும்பி வந்து நண்பர்களோட இதைக் கதைத்தபோது அனேகமான ஆக்கள் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: ஆர் குழப்பினதோ அவை இழக்கட்டும். பெடியன் குழப்பினால் மோதிரம் பெட்டைக்கு, பெட்டை குழப்பினால் திருப்பிக் குடுக்கவேணும். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. நானும் முதலில் அந்தப் பக்கம்தான் நிண்டனான். தேடிப் பார்த்தால் இது நல்ல பழைய விதி. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடியாக இருக்கிற ரோம-டச்சுச் சட்டத்தில், கலியாணத்தை உறுதிப்படுத்தக் கொடுத்த பொருளை வாக்கை முறித்தவர் இழப்பார். 1926இல் இங்கிலாந்தில் ஒரு நீதிபதியும் மோதிரத்துக்கு இதே கணக்கைத்தான் போட்டார். விறாந்தையில் கூடின எங்கட பெரியாக்கள் தங்களுக்குத் தெரியாமலே அந்தச் சட்டத்தைத்தான் நடத்தினவை.

பிழை அந்தச் சட்டத்தில்தான் இருக்கு எண்டு இப்ப நினைக்கிறன். மோதிரம் ஆருக்கு எண்டதைப் பிழை ஆரில எண்டதோட கட்டி வைத்தால், மோதிரத்தைத் தீர்க்க முதல் பிழையை விசாரிக்கவேணும். எங்கட இடத்தில் அந்த விசாரணை ஆருடைய வீட்டு விறாந்தையில் நடக்கும், ஆர் நடுவில் இருந்து பதில் சொல்லவேணும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. சாதகம், சாதி, பழைய சிநேகிதம், உடம்பில் இருக்கிற ஏதாவது வருத்தம், எல்லாம் வெளியில வரும். ஒரு பவுண் பொன்னுக்காக வெளியில வந்த கதை அடுத்த சம்பந்தம் பேசுற வீட்டுக்கு அந்தப் பெட்டைக்கு முதலே போய்ச் சேர்ந்திருக்கும்.

அதைவிட, "குழப்பினவர்" எண்டு நாங்கள் சொல்வது பெரும்பாலும் வாய் திறந்து சொன்னவரைத்தான். ஒருத்தர் மாதக்கணக்காகத் தொலைபேசி எடுக்காமல் இருக்கலாம், எடுத்தாலும் எரிஞ்சு விழலாம், "விசா அலுவல் இழுபடுது" எண்டு நாளைக் கடத்தலாம். அவர் ஒண்டையும் குழப்பேல்லை! பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு "வேண்டாம்" எண்டு சொல்பவள்தான் குழப்பினவள். இந்த விதியின்படி பார்த்தால் வாயை மூடிக்கொண்டு மற்றவரைச் சொல்ல வைப்பவருக்குத்தான் வெற்றி.

நீதிமன்றங்களே இதில் களைத்துப் போயிருக்கின்றன. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில், 2017இல் ஒருவர் 70,000 டொலர் டிஃபனி மோதிரத்தைப் போட்டு நிச்சயம் செய்தார். பிறகு அந்தப் பெண்ணின் தொலைபேசியில் இன்னொரு ஆணோடு பரிமாறிய செய்தியைப் பார்த்துவிட்டு முறித்துக்கொண்டார். அவர் நெடுநாள் நண்பர் மட்டும்தான் எண்டு அந்தப் பெண் சொன்னார். முதலில் விசாரித்த நீதிபதி, ஆணின் சந்தேகம் பிழை, ஆகவே முறிவுக்கு அவரே பொறுப்பு, மோதிரம் பெண்ணுக்கு எண்டார். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. கடைசியில் 2024 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், இனி ஆரில பிழை எண்டு பார்க்கப் போவதில்லை, கலியாணம் நடக்காவிட்டால் மோதிரம் கொடுத்தவருக்கே போகும் எண்டு முடித்தது. 1959இல் தானே வகுத்த விதியை அது அன்றைக்குக் கைவிட்டது. ஒரு குறுஞ்செய்தியின் அர்த்தத்தைப் பிடிக்க இத்தனை நீதிபதிகள். எங்கட ஒழுங்கையில் அந்த வேலையைப் பெரியம்மா ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டா.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. மாப்பிளை வாழுற ஒன்ராறியோவிலேயே சட்டம் இதைத்தான் சொல்லுது. அங்கத்தைய திருமணச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, கலியாணத்தை எதிர்பார்த்துக் கொடுத்த பொருளைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்கும்போது, கலியாணம் நடக்காமல் போனது அவருடைய பிழையா இல்லையா எண்டு பார்க்கக் கூடாது. ரொறன்ரோவில் கேட்கத் தேவையில்லாத கேள்வியைக் கேட்கத்தான் அவையள் அனலைதீவுக்குப் படகேறி வந்தவை.

என் வகுப்புத் தோழி ஒருத்தி இதை ஒத்துக்கொள்ளேல்லை. நிச்சயம் குழம்பினால் பெண்ணுக்குத்தான் நட்டம், பேரும் போகுது வயதும் போகுது, அந்த மோதிரத்தையாவது அவள் வைத்திருக்கட்டும் எண்டது அவளின் வாதம். இங்கிலாந்தில் 1970இல் வந்த சட்டமும் கிட்டத்தட்ட அவள் பக்கம்தான்: வேறு நிபந்தனையோடு கொடுத்தது எண்டு காட்டாதவரைக்கும் நிச்சய மோதிரம் முழுமையான அன்பளிப்பு, பெற்றவருக்கே சொந்தம். அவள் சொல்ற நட்டம் உண்மை. ஆனால் அந்த நட்டத்துக்கு மோதிரம் ஈடாகாது. எங்கட ஊரில் அதை வைத்திருக்கிற பெண்ணைப் பற்றி "மோதிரத்துக்கு ஆசைப்பட்டவள்" எண்டு இன்னொரு கதை கிளம்பும். மண்டபக் காசு, சாப்பாட்டுச் செலவு, அவள் விட்ட வேலை, இதெல்லாம் வேற கணக்கு. அதைக் காசாகக் கணக்குப் பார்த்து இரண்டு வீடும் பிரிக்கவேணும். அவளின் பேர் போனதுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் விசாரணை இல்லாவிட்டால் பேர் கொஞ்சம் குறைவாகப் போகும் எண்டு நம்புறன்.

எங்கட சட்டம் என்ன சொல்லுது? தேசவழமை எங்களுக்குத்தான் எண்டு பெருமையாகச் சொல்லுவம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்தது. சீதனம், முதுசம், தேடியதேட்டம் எண்டு கலியாணம் நடந்த குடும்பத்தின் சொத்துத்தான் அதில் பெரிய விசயம். நிச்சயம் முறிந்தால் பார்க்கவேண்டியது 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தை. அதன் 20ஆம் பிரிவின்படி வாக்குக் கொடுத்தவரைக் கலியாணம் கட்டச் சொல்லி வழக்குப் போட ஏலாது. நட்டஈடு கேட்கலாம், ஆனால் வாக்கு எழுத்தில் இருக்கவேணும். மண்டபத்தில் ஐந்நூறு பேர் பார்க்க மோதிரம் மாற்றினதும், ஐயர் மந்திரம் சொன்னதும் எழுத்து ஆகாது.

எழுத்து எண்டவுடன் ஒண்டைச் சொல்லியே ஆகவேணும், வெளிநாட்டுச் சம்பந்தம் பேசுற வீடுகளுக்கு இது மோதிரத்தைவிட முக்கியம். ஸ்பொன்சர் அலுவலுக்காக முதலில் "எழுத்து" முடித்துவிட்டு, தாலி கட்டுறதைப் பிறகு வைக்கிற வழக்கம் எங்களிட்ட இருக்கு. ஊர் அதை நிச்சயதார்த்தம் மாதிரித்தான் பார்க்கும். சட்டத்துக்கு அது கலியாணம். குழம்பினால் மோதிரத்தைத் தட்டத்தில் வைத்துக் குடுத்து முடிக்க ஏலாது, விவாகரத்து எடுக்கவேணும். அதற்கு அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஏற்கிற காரணங்கள் மூன்றுதான்: பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற இயலாமை. இரண்டு பேருக்கும் ஒத்துவரேல்லை எண்டது அதில் இல்லை. அதாவது எழுத்து முடிந்தபின் பிழை பிடிக்கிற விசாரணை நீதிமன்றத்திலேயே நடக்கும், தப்ப ஏலாது. விசாவுக்கு அவசரம் எண்டு கையெழுத்துக் கேட்கேக்க இதை ஆரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

திருப்பிக் குடுக்கிறது எண்டால் பொருளைத்தான் குடுக்கவேணும், அன்றைக்கு வாங்கின விலையை அல்ல. 2025இல் ஒரு பவுண் மூன்று இலட்சத்தையும் தாண்டிப் போச்சுது. நிச்சயத்தண்டு வாங்கின பற்றுச்சீட்டைக் காட்டி "இந்தா காசு" எண்டால் ஏமாத்துறதுதான். அடகில் இருந்தால் மீட்டுக் குடுக்கவேணும், கனடாவில் இருந்தால் வாற ஆளிட்டக் குடுத்துவிடவேணும். மோதிரத்துக்கு இருக்கிற சட்டம் சங்கிலிக்கும் இருக்கவேணும்.

நிச்சயத்தண்டு வெத்திலை மாத்துற நேரம் ஒரு கடதாசியில் ஆர் ஆருக்கு என்ன போட்டது, எத்தனை பவுண் எண்டு எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தால் என்ன? நல்ல காரியத்தில் அபசகுனமான கதை எண்டு அம்மா ஏசினா. மொய் எழுதுறதுக்குக் கொப்பி வைக்கிறம்தானே எண்டன், அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை.

அக்கா இப்ப யாழ்ப்பாணத்தில் வேலை செய்யிறா, கிழமை முடிவில் ஊருக்கு வந்து போறா. அந்த இரண்டு பவுண் சங்கிலி இன்னும் வரேல்லை. அவவின் அப்பா திரும்பக் கேட்கவும் இல்லை. கேட்டால் "ஏன் குழப்பினது" எண்டதில் இருந்து திரும்பத் தொடங்குவினம் எண்டு அவருக்குப் பயம்.