புழுதி பூசினால் நிஜமாகிவிடுமா?

"ஜான் வேய்ன் காட்டியது பொம்மை மேற்கு, ரத்தமும் புழுதியுமாக வந்ததுதான் நிஜ மேற்கு." கௌபாய் கதைகளைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் பல வருடங்களாக இதே பல்லவிதான். சிவகாசி காமிக்ஸ் புண்ணியத்தில் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் படித்து வளர்ந்த நம் ஆட்கள்கூட, வயது ஏறியதும் "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்று ரத்தமும் புழுதியுமான 'கறுப்பு வெஸ்டர்ன்' கதைகளுக்குத் தாவிவிடுகிறார்கள். தாவட்டும். ஆனால் சமீபத்தில் ஒரு விமர்சகர் மேடையேறி, அந்தக் கதைகள் "அமெரிக்க வரலாற்றின் எக்ஸ்ரே" என்று சொல்லிக் கைத்தட்டலும் வாங்கினார். பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா?

முதலில் அந்தப் புழுதி. அது ஸ்பெயின் நாட்டுப் புழுதி. 1964-ல் செர்ஜியோ லியோனி எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்', குரோசாவாவின் 'யோஜிம்போ'வை உருவியது. ஜப்பானியர்கள் சட்டப்படி சண்டை போட்டு வசூலில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். ஜப்பான் கதையை இத்தாலிக்காரர் ஸ்பெயினில் எடுக்க, நாம் அதில் அமெரிக்க வரலாறு படித்துவிட்டோம்.

அடுத்து, தெருவுக்குத் தெரு பிணம். வரலாற்றாசிரியர் ராபர்ட் டிக்ஸ்ட்ரா கான்சாஸின் ஐந்து மாட்டுச் சந்தை நகரங்களை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார். 1870 முதல் 1885 வரை மொத்தம் 45 கொலைகள். டாட்ஜ் சிட்டியும் அதில் அடக்கம். ஒரு சுமாரான வெஸ்டர்ன் நாவலில் நாலாம் அத்தியாயத்திலேயே இதைத் தாண்டிவிடுவார்கள்.

இனி நம் விமர்சகரின் செல்லப்பிள்ளை: தலைக்கு விலை வைத்தவனைத் தேடித் தன்னந்தனியாகப் போகும் பவுண்டி ஹன்டர். பிணத்தைக் குதிரையில் போட்டு வருவான், ஷெரீஃப் மேசையில் நோட்டுக்கட்டை எண்ணி வைப்பார். கதையில் சரி. நிஜத்தில்? பில்லி தி கிட் தலைக்கு 500 டாலர் அறிவித்தவர் நியூ மெக்சிகோ ஆளுநர் லூ வாலஸ் ('பென்-ஹர்' நாவல் எழுதினாரே, அவரேதான்). 1881 ஜூலையில் பில்லியைச் சுட்ட பாட் காரெட் ஊரறிந்த ஷெரீஃப். அவருக்கே பணம் லேசில் வரவில்லை. மறு வருடம் சட்டமன்றம் தனியாகச் சட்டம் போட்ட பிறகுதான் கிடைத்தது. அரசாங்கக் கஜானா எந்த ஊரிலும் கஜானாதான்.

கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கதை இன்னும் அழகு. மிசௌரி ஆளுநர் அறிவித்த 5,000 டாலருக்குப் பின்னால் இருந்தது ரயில் கம்பெனிகளின் பணம். 1882 ஏப்ரலில், கூடவே இருந்த பாப் ஃபோர்ட், வீட்டுக்குள் வைத்துப் பின்னாலிருந்து சுட்டான். அவனுக்கும் அண்ணனுக்கும் கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. அன்றைக்கே ஆளுநர் மன்னிப்பும் கொடுத்தார். அறிவித்த பணத்தில் கொஞ்சம்தான் கைக்கு வந்தது. ஜெஸ்ஸியின் அண்ணன் ஃபிராங்க்? தானே போய்ச் சரணடைந்தார், ஜூரிகள் விடுவித்தார்கள், பிறகு செருப்புக் கடையில் விற்பனையாளராகக்கூட இருந்தார், 1915-ல் வயதாகிச் செத்தார். எந்தக் கறுப்பு வெஸ்டர்னில் கொள்ளைக்காரன் வாடிக்கையாளரின் கால் அளவு பார்க்கிறான், காட்டுங்கள்!

டால்ட்டன் கும்பலைப் பாருங்கள். 1892-ல் காஃபிவில்லில் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கப் போனார்கள். தொப்பிக்காரக் கதாநாயகன் எவனும் வரவில்லை. இரும்புச் சாமான் கடையில் துப்பாக்கிகளை எடுத்துக் கொடுத்தார்கள், ஊர்க்காரர்கள் சுட்டார்கள். கும்பலில் நான்கு பேர் செத்தார்கள், ஊரிலும் நான்கு பேர். உடம்பெல்லாம் குண்டோடு பிழைத்த எம்மெட் டால்ட்டன் பதினாலு வருடம் சிறையிலிருந்துவிட்டு, கலிஃபோர்னியா போய் ரியல் எஸ்டேட் பார்த்தார், சினிமாவில் தன் கதையில் தானே நடித்தார். "நிஜ" மேற்கை விற்றவர்களில் முன்னாள் கொள்ளைக்காரர்களும் உண்டு என்பதை விமர்சகர் மேடையில் சொல்ல மறந்துவிட்டார்.

கார்மக் மெக்கார்த்தியின் 'பிளட் மெரிடியன்' சரித்திர ஆதாரம் உள்ளதாயிற்றே என்பார்கள். உள்ளதுதான். அதில் வரும் கிளாண்டன் கும்பல் மெக்சிகோவின் மாகாண அரசோடு ஒப்பந்தம் போட்டு, செவ்விந்தியர் தலைத்தோலுக்குக் கூலி வாங்கிய கும்பல். அதில் தனி வீரன் எங்கே, பழிவாங்கல் எங்கே?

அந்தக் கதைகளில் பழிவாங்கல்தான் நீதியாம். நிஜத்தைப் பாருங்கள். 1892-ல் வயோமிங்கின் பெரிய மாட்டுப் பண்ணை முதலாளிகள் டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களைக் கூட்டிவந்து, கையில் கொலைப் பட்டியலோடு ஜான்சன் கவுண்டிக்குள் புகுந்தார்கள். பட்டியலில் இருந்த நேட் சாம்பியனைக் கொன்றார்கள். ஊர் திரண்டு சுற்றி வளைத்ததும் ஜனாதிபதியின் உத்தரவில் ராணுவம் வந்து முதலாளிகளைத்தான் காப்பாற்றியது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதற்கு ஏழு வருடம் முன்பு, அதே வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில், வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர்கள் 28 சீனத் தொழிலாளர்களைக் கொன்றார்கள். பிடிபட்டவர்கள்மீது குற்றப்பத்திரிகைகூட இல்லை. பழிவாங்க எவனும் குதிரை ஏறவில்லை. ராணுவம் வந்தது, உயிர் தப்பிய சீனர்களைக் காவலோடு அதே ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்தது, நிலக்கரி வெட்ட ஆள் வேண்டுமே.