இன்ஷூரன்ஸுக்கு ஓர் இன்ஷூரன்ஸ்

சர்ச்கேட் ரயில் நிலையத்தில் இறங்கி ஆபீஸுக்கு விரையும் நம் வாசகர்களில் பலர், ஜம்ஷெட்ஜி டாடா சாலையிலுள்ள 'சுரக்ஷா' கட்டடத்தை அன்றாடம் கடந்து செல்கிறவர்கள்தாம். ஜெனரல் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் தலைமை அலுவலகம் அது. ஆனால் அங்கே போய் ஸ்கூட்டருக்கோ கடைக்கோ யாரும் பாலிஸி எடுக்க முடியாது. அதன் வாடிக்கைக்காரர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே. நமக்குப் பாலிஸி விற்கும் கம்பெனி, தான் ஏற்ற பொறுப்பில் ஒரு பங்கையும் அதற்குரிய பிரீமியத்தையும் இன்னொரு கம்பெனிக்கு மாற்றிவிடுகிறது. மறு இன்ஷூரன்ஸ் என்பது இதுதான்.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய இன்ஷூரன்ஸ் சட்டத் திருத்தத்தில், அந்நிய முதலீட்டு வரம்பு 74 சதவிகிதத்திலிருந்து 100 ஆக உயர்ந்ததுதான் பெரிதாகப் பேசப்பட்டது. அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றமும் அதில் இருக்கிறது. வெளிநாட்டு மறு இன்ஷூரன்ஸ் கம்பெனி இங்கே கிளை திறப்பதற்கு வேண்டிய நிகர சொந்த நிதி, 5,000 கோடி ரூபாயிலிருந்து 1,000 கோடியாகக் குறைக்கப்பட்டுள்ளது. இது பெரிய புள்ளிகளின் விவகாரம், நமக்கென்ன என்று குமாஸ்தாவும் பட்டறைக்காரரும் நினைக்கலாம். அப்படி ஒதுக்கிவிடக் கூடியதல்ல இது.

1861-ல் ஸ்விட்ஸர்லாந்தின் கிளாரஸ் நகரம் தீயில் அழிந்தபோது, ஒரே ஊரின் நஷ்டத்தை உள்ளூர்க் கம்பெனிகள் தாங்க முடியாது என்பது தெளிவாயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஸ்விஸ் ரீ பிறந்தது. இந்த நகரத்தில் அந்தப் பாடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 26-ல் ஸாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், குர்லாவிலும் தாராவியிலும் கடைச் சரக்கு சேறாகிப் போனதையும் நேரில் கண்டவர்கள் நாம். அன்று ஒரே சமயத்தில் வந்து விழுந்த நஷ்டத்தைப் பல நாடுகளின் தலைமேல் பரப்பத்தான் மறு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

ஆனால் பரப்புகிறவர்கள் பின்வாங்கினால் என்ன ஆகும்? அதையும் பார்த்துவிட்டோம். 2001 செப்டம்பரில் நியூயார்க் தாக்குதலுக்குப் பின் உலக மறு இன்ஷூரன்ஸ்காரர்கள் பயங்கரவாத நஷ்டத்துக்குப் பொறுப்பேற்க மறுத்துக் கையை விரித்தனர். இந்தியக் கம்பெனிகள் 2002 ஏப்ரலில் கூடித் தங்களுக்குள் ஒரு பொது நிதியை ஏற்படுத்திக் கொண்டன. நிர்வாகம் ஜெனரல் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனிடம் இருந்தது. 2008 நவம்பரில் இந்நகரின் தாஜ் ஹோட்டல் தாக்கப்பட்டபோது நஷ்ட ஈட்டுக்குக் கைகொடுத்தது அந்த நிதிதான். உள்நாட்டில் ஒரு வலுவான ஸ்தாபனம் இருக்கவேண்டும் என்று நாம் சொல்வது வெறும் சுதேசி உணர்ச்சியால் அல்ல.

அந்த ஸ்தாபனத்துக்கு இருந்த சலுகையோ ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து வந்திருக்கிறது. உள்நாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொரு பாலிஸியிலும் 20 சதவிகிதத்தை அதற்குக் கட்டாயமாகத் தரவேண்டும் என்றிருந்தது. அது 2013-ல் 5 ஆயிற்று. 2022-ல் 4 ஆயிற்று. 2015 சட்டத் திருத்தம் அந்நியக் கிளைகளுக்குக் கதவைத் திறந்தது. போட்டியினால் விலை இறங்குமானால் நல்லதே. விலை எப்போதும் இறங்கிக்கொண்டே இருப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 2022-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை 'இயான்' புயல் தாக்கியது. 2023 ஜனவரியில் உலகெங்கும் மறு இன்ஷூரன்ஸ் ஒப்பந்தங்களைப் புதுப்பித்தவர்களுக்கு விலை எகிறியது. 2025-ல் அது மறுபடி இறங்கலாயிற்று. அங்கே அடிக்கும் காற்று, இங்கே பட்டறைக்குக் கட்டும் தீ இன்ஷூரன்ஸ் பிரீமியம் வரை வந்து சேர்கிறது.

விலையைவிட நமக்குக் கவலை அளிப்பது நஷ்ட ஈடு. கடை எரிந்தவரோ, கிடங்கில் வெள்ளம் புகுந்தவரோ மாதக்கணக்கில் நடந்த பிறகு, "மறு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம்" என்று கௌண்டரில் பதில் சொன்னால் அவர் என்ன செய்வார்? யாரோ, எந்த ஊரிலோ என்று மலைத்துத் திரும்பிவிடுவார். சட்டப்படி அவருக்கும் அந்த 'யாரோ'வுக்கும் சம்பந்தமே இல்லை. பாலிஸி ஓர் ஒப்பந்தம். மறு இன்ஷூரன்ஸ் வேறோர் ஒப்பந்தம். பாலிஸிதாரர் மறு இன்ஷூரன்ஸ்காரர் மீது வழக்குப் போட முடியாது. அதேபோல், மறு இன்ஷூரன்ஸ்காரர் பணம் தரவில்லை, ஏன், திவாலே ஆகிவிட்டார் என்றாலும், பாலிஸி விற்ற கம்பெனி தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

1985-ல் லண்டன் அப்பீல் கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்கு இதை நன்கு விளக்கும். லைபீரியாவின் மன்ரோவியா நகரில் ஒரு கிடங்கு எரிந்தது. இன்ஷூர் செய்திருந்த ஆப்பிரிக்கக் கம்பெனி, பொறுப்பில் 98.6 சதவிகிதத்தை 'ஸ்கோர்' என்ற மறு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தள்ளிவிட்டிருந்தது. தன்னிடம் வைத்துக்கொண்டது இரண்டு சதவிகிதம்கூட இல்லை. மொட்டைக் கடிதங்கள் வந்தன. தீ வைத்தது சொந்தக்காரரே என்று சந்தேகம் கிளம்பிற்று. எங்கள் சம்மதமின்றிப் பைசல் செய்யாதே என்ற நிபந்தனையைக் காட்டி ஸ்கோர் கம்பெனி தடுத்தது. கிடங்குக்காரர் உள்ளூர்க் கோர்ட்டில் ஜெயித்தார். அசல் நஷ்டத்துக்கு ஸ்கோர் பொறுப்பு என்று லண்டனில் தீர்ப்பாயிற்று. ஆனால் பணம் தராததற்காக லைபீரியக் கோர்ட் விதித்த கூடுதல் தொகை, பாலிஸி விற்ற கம்பெனியின் தலையிலேயே விடிந்தது. தாமதத்துக்கு விலை கொடுத்தது யார் என்பதை நம் ஊர்க் கம்பெனிகளின் அதிகாரிகள் கவனிப்பது நல்லது.

இங்கும் விதி இல்லாமல் இல்லை. சர்வேயரின் இறுதி அறிக்கை வந்த 30 நாளில் முடிவு சொல்லவேண்டும், தவறினால் பாங்க் விகிதத்துக்கு மேல் 2 சதவிகிதம் சேர்த்து வட்டி தரவேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017-ல் விதித்தது. கெடுவை 2024-ல் மேலும் சுருக்கியது. மறு இன்ஷூரன்ஸ்காரர் வாய் திறக்கவில்லை என்பது தாமதத்துக்குக் காரணமாகாது என்று ஒரே ஒரு வரியை, எந்தக் கிளை மானேஜரும் வேறு அர்த்தம் கற்பிக்க முடியாதபடி, பாலிஸியிலேயே அச்சிடச் செய்வதில் ஆணையத்துக்கு என்ன கஷ்டம்? புதிதாக வரும் அந்நியக் கம்பெனிகளுக்கும் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடலாம்.

அதுவரை, அந்தப் பதிலைக் கேட்டவர்கள் அதை எழுத்தில் தரும்படி கேட்கவேண்டும். கம்பெனிக்கு எழுதிய புகாருக்கு ஒரு மாதத்துக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். மும்பையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். தனி உரிமையாளராகக் கடை நடத்தும் சிறு வியாபாரிக்கும் அங்கே இடமுண்டு. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது.