விபத்தில் காயமடைந்தோரின் இழப்பீட்டு உரிமை முதல் வாரத்திலேயே பறிபோகாமல் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
மறைமலை நகர், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
செங்கல்பட்டு.

நகல்: காவல் ஆணையர், தாம்பரம்; முதல்வர், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை; மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, செங்கல்பட்டு.

பொருள்: சாலை விபத்துக் காயங்கள் – மருத்துவ, காவல் ஆவணங்களை உரிய நாளில் பதிந்து வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஜி.எஸ்.டி. சாலையில் கால் வைக்காமல் எங்கள் ஊரில் ஒருவருக்கும் பொழுது போவதில்லை. ஷிப்டு விட்டு வரும் பைக்குகள், கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், கிளாம்பாக்கத்திலிருந்து தெற்கே கிளம்பும் பேருந்துகள் எல்லாம் ஒரே சாலையில்தான். மேம்பாலம், சிக்னல், தெருவிளக்கு பற்றி இந்த மனுவில் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. இது அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் சென்ற பிறகு நடப்பதைப் பற்றியது. எந்த அலுவலகத்தையும் பெயர் சொல்லிக் குறை கூறவும் நாங்கள் வரவில்லை.

உயிர் காக்கும் வேலை நன்றாகவே நடக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. அப்படிப் பிழைத்து வந்தவர்தான் பிறகு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காகிதத்திடம் தோற்கிறார்.

தோல்வி மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) தொடங்குகிறது. நினைவில்லாதவரை ஆட்டோவில் ஏற்றி வருபவர் பெரும்பாலும் வழிப்போக்கர். எப்படி அடிபட்டது என்று கேட்டால், “வண்டியிலேர்ந்து விழுந்துட்டார்” என்பார். ‘தானாக விழுந்தவர்’ என்று பதிவாகிவிடும். பின்னால் வந்த லாரி இடித்தது என்று நாலாம் நாள் நினைவு திரும்பியவர் சொல்வார். ஆனால் குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கையில் எடுப்பது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். ஆகவே, விவரம் சொன்னவர் யார், அவர் விபத்தை நேரில் பார்த்தவரா என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். காயமடைந்தவர் பேசும் நிலைக்கு வந்ததும் அவர் சொல்வதைத் தேதியிட்டுத் துணைப் பதிவாகச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஏ.ஆர். நகலையும் கையில் கொடுத்துவிட வேண்டும். இதற்காக எங்கள் ஆட்கள் கட்டுப்போட்ட காலோடு மூன்று முறை அலைந்திருக்கிறார்கள்.

அடுத்தது காவல் நிலையம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் இரண்டாம் படிவம் 10 நாளில் அவர் கைக்கு வர வேண்டும். விரிவான அறிக்கை 90 நாளில் தீர்ப்பாயத்தை அடைய வேண்டும். கோஹர் முகமது வழக்கில் 2022 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. அந்த இரண்டாம் படிவத்தைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் உறுப்பினர்களில் ஒருவர்கூட இல்லை. அதைத் தமிழிலும், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டுத் தர வேண்டும். கடைகள், ஆலை வாசல்கள், பரனூர் சுங்கச்சாவடி ஆகியவற்றின் கேமராப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும் என்பதால் முதல் 48 மணி நேரத்துக்குள் அவற்றைக் கைப்பற்ற வேண்டும்.

காவல்துறையின் விபத்து அறிக்கையை நாங்கள் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீட்டு மனுவுக்கு இருந்து 1994-இல் நீக்கப்பட்ட காலவரம்பு 2019 திருத்தத்தில் திரும்பி வந்துவிட்டது. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தொடை எலும்பில் பிளேட் வைத்தவர் ஊன்றுகோலைக் கீழே வைக்கவே அத்தனை நாள் ஆகும். காலவரம்பைக் காட்டி மனுக்களைத் தள்ள வேண்டாம் என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது என்றாலும், அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. அதே சட்டத்தின் 166(4) பிரிவுப்படி, காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக ஏற்க வேண்டும். அறிக்கை நாள் தவறாமல் போனால், படுத்திருப்பவரின் உரிமை தானே காக்கப்படும்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் பொறுப்பு தங்களுடையது. இடித்துவிட்டு நிற்காமல் செல்லும் வாகன விபத்துகளுக்கான 2022-ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் வழங்க ஆணையிடும் அதிகாரி மாவட்ட ஆட்சியரே. கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2024 ஜனவரியில் வந்த உத்தரவுப்படி, ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியாவிட்டால், இந்த இழப்பீட்டைக் கேட்கலாம் என்று காவல் நிலையமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அத்தகைய கடிதங்கள் எத்தனை போயின என்பதைச் சாலைப் பாதுகாப்புக் கூட்டந்தோறும் தாங்கள் கேட்டறிய வேண்டுகிறோம்.

வருமானச் சான்று இன்னொரு தலைவலி. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அடிபட்ட மறுநாளே வருகைப் பட்டியலில் பெயரும் இருக்காது. ஊனத்தின் சதவீதம் வேறு, அதனால் பிழைப்பில் ஏற்படும் இழப்பு வேறு என்று ராஜ்குமார் வழக்கில் 2010-இலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரலாம்; ஓட்டுநரோ தச்சரோ முடியாது. ஆனால் என்ன வேலை செய்தார் என்பதற்கே தாள் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பால் என்ன பயன்? கேட்ட 15 நாளில் வேலை, சம்பள விவரத்தை ஒப்பந்ததாரர் எழுதித் தரத் தொழிலாளர் துறை மூலம் ஆணையிட வேண்டும்.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. பாதிச் சிகிச்சையில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டுக்குப் போகிறோம். அங்கே செலவான பணத்துக்கும் நாளுக்கும் ரசீது இருப்பதில்லை. வண்டிக்காரர் நீட்டும் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போட்டுவிடுகிறோம். வார்டுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் தரகர்களுக்கும் குறைவில்லை. அவர்களை முந்திக்கொள்ளச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரமாவது மருத்துவமனையில் உட்கார வேண்டும். இலவச வழக்கறிஞர் உண்டு என்பதையும், குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம் என்பதையும் அவர் சொன்னால், ஒடிசாக்காரர் வழக்கைக் கைவிட்டு ரயிலேற மாட்டார்.

அரசுப் பேருந்து மோதிய வழக்குகளில், தீர்ப்பு வந்த பின்னும் பேருந்தை ஜப்தி செய்தால்தான் பணம் வரும் என்ற பேச்சு ஊரில் உண்டு. நிலுவையிலுள்ள தொகைகளின் பட்டியலைப் போக்குவரத்துக் கழகத்திடம் தாங்கள் கேட்டுப் பெற வேண்டும்.

மேற்கண்டவற்றின் மீது எடுக்கும் நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். இரண்டாம் படிவத்தைத் தமிழில் நாங்களே எழுதிய மாதிரி ஒன்றை இணைத்துள்ளோம். பிழையிருந்தால் திருத்தி அச்சிடலாம், செலவில் பாதியைச் சங்கம் ஏற்கும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: மறைமலை நகர்
இணைப்பு: படிவ மாதிரி, உறுப்பினர் கையொப்பங்கள்